எல்டிஎல் 168, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210: இந்த ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

வரப்போரம் கேட்கிறார்:

வணக்கம். 42 வயது ஆண் ஒருவரின் ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட் இது. 11 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து காலையில் ரத்தம் கொடுத்தது. அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி.

மொத்தக் கொலஸ்ட்ரால் 248
ட்ரைகிளிசரைடு 210
எச்டிஎல் 38
விஎல்டிஎல் 42
எல்டிஎல் 168
மொத்தம்/எச்டிஎல் விகிதம் 6.5

எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.9. ரத்த அழுத்தம் 134/86. புகைப்பழக்கம் இல்லை. தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு. இப்போது உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை.

தெரிந்துகொள்ள விரும்புவது: இந்த ஆறு எண்களில் எதை வைத்து முடிவெடுப்பது? எல்டிஎல் எதிரே "கணக்கிடப்பட்டது" என்று போட்டிருக்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்? உணவை மாற்றினால் எவ்வளவு இறங்கும்? மாத்திரை இப்போதே வேண்டுமா, மூன்று மாதம் பார்க்கலாமா? மாத்திரையால் தசைவலி, சர்க்கரை, கல்லீரல் பாதிப்பு வரும் என்பதில் எவ்வளவு உண்மை?

---

குருதிமானி (ஆய்வகப் பணி):

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. எல்டிஎல், விஎல்டிஎல், எச்டிஎல் மூன்றும் ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள்; எல்டிஎல்லைக் "கெட்ட" கொலஸ்ட்ரால், எச்டிஎல்லை "நல்ல" கொலஸ்ட்ரால் என்பார்கள். ட்ரைகிளிசரைடு இன்னொரு வகைக் கொழுப்பு.

இந்த ஆறில் கருவி நேரடியாக அளந்தது மூன்றுதான்: மொத்தம், ட்ரைகிளிசரைடு, எச்டிஎல். மீதி மூன்றும் அவற்றிலிருந்து போட்ட கணக்கு. ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் விஎல்டிஎல்: 210 ÷ 5 = 42. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் விஎல்டிஎல்லையும் கழித்தால் எல்டிஎல்: 248 − 38 − 42 = 168. இது 1972-இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரம். மில்லிமோலில் ரிப்போர்ட் தரும் இடங்களில் 5-க்குப் பதில் 2.2-ஆல் வகுப்பார்கள். மாற்றிப் பார்க்க வேண்டுமானால் கொலஸ்ட்ரால் அளவுகளை 38.67-ஆலும் ட்ரைகிளிசரைடை 88.5-ஆலும் வகுங்கள், இங்கே எல்டிஎல் 4.3, ட்ரைகிளிசரைடு 2.4 என்று வரும்.

இந்தச் சூத்திரம் வழுக்கும் இடம் அந்த "5". விஎல்டிஎல் துகளில் ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் எப்போதும் 5-க்கு 1 என்றே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்த விகிதமும் ஏறும். அப்போது விஎல்டிஎல்லை அதிகமாகக் கழித்துவிடுவோம், எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. எல்டிஎல் 70-க்குக் கீழ் இருந்து ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் இருக்கும்போதும் பிழை பெரிதாகும். மாத்திரை எடுப்பவர்கள் "இலக்கைத் தொட்டுவிட்டேன்" என்று தவறாக நினைக்க இடமுண்டு. 2013-இல் வந்த மார்ட்டின்–ஹாப்கின்ஸ் முறை வகுக்கும் எண்ணை ஆளுக்கு ஏற்ப மாற்றுகிறது. உங்கள் ஆய்வகம் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். 210-இல் பிழை பெரிதில்லை, 168-ஐ நம்பலாம்.

ஆனால் இந்த ரிப்போர்ட்டில் அச்சிடாத ஓர் எண் இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 248 − 38 = 210. இது எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். (ட்ரைகிளிசரைடும் 210 என்பது தற்செயல், குழம்ப வேண்டாம்.) இதில் எந்த ஊகமும் இல்லை, அளந்த இரண்டு எண்களின் கழித்தல் மட்டுமே. சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தாலும் இது பெரிதாக மாறாது.

வெறும் வயிறு எல்லாருக்கும் கட்டாயம் என்ற பழக்கமும் இப்போது தளர்ந்துவிட்டது. சாதாரண உணவுக்குப் பிறகு ட்ரைகிளிசரைடு சராசரியாக 25 அளவில் ஏறும், எல்டிஎல்லில் மாற்றம் சிறிது. சாப்பிட்ட பின் எடுத்ததில் ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால்தான் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வோம்.

மறுமுறை ரத்தம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: வந்ததும் கையை நீட்டாமல் 10 நிமிடம் உட்காருங்கள். நின்றுகொண்டிருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுவுக்குள் இறங்கி எல்லாக் கொழுப்பு அளவுகளும் கூடுதலாகக் காட்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தாலும் அப்படியே. காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு போன்றவற்றுக்குப் பின் எல்டிஎல் பொய்யாகக் குறையும். உடல் தேறிச் சில வாரம் கழித்தே எடுங்கள். ஒரே ஆளுக்கு, எந்த மாற்றமும் செய்யாமலே, இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு இடையில் 10 சதவீதம் வரை ஏறி இறங்குவது வழக்கம். 168 அடுத்த மாதம் 155 என்று வந்தால் அதை முன்னேற்றம் என்று எழுதிக்கொள்ள முடியாது. அதே ஆய்வகத்தில் இன்னொரு முறை எடுத்து, இரண்டின் சராசரியை வைத்து முடிவெடுங்கள்.

---

இதயத்தாளம் (மருத்துவர்):

குருதிமானி சொன்ன கழித்தல் ஏன் முக்கியம் என்பதற்கு, தமனிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. புரதம் போர்த்திய துகள்களில் ஏறித்தான் ஓடும். கொலஸ்ட்ராலைச் சரக்கு என்றால் துகள்தான் வண்டி. விஎல்டிஎல், அது சுருங்கிய பின் மிஞ்சும் எச்சம், எல்டிஎல் ஆகிய ஒவ்வொரு வண்டியிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். 70 நானோமீட்டருக்குக் குறைவான அப்போ-பி வண்டி எதுவும் தமனியின் உட்சுவரைக் கடந்து உள்ளே போக முடியும். போனவற்றில் சில அங்குள்ள புரோட்டியோகிளைக்கான் என்ற சர்க்கரைப்புரத மூலக்கூறுகளில் ஒட்டி மாட்டிக்கொள்கின்றன, உருமாறுகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிறைந்து நுரைபோல் ஊதி அங்கேயே மடிகின்றன. பல ஆண்டுகளில் அந்த இடம் படிமம் ஆகிறது. அதன் மேல்மூடி மெலிந்து கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாய் அடைக்கும். மாரடைப்பு பெரும்பாலும் இந்தக் கிழிசலால்தான் வருகிறது. முந்தைய நாள்வரை எந்த வலியும் இல்லாமல் இருந்தவருக்கும் வருவதற்குக் காரணம் இதுவே. அதனால் "தொந்தரவு எதுவும் இல்லை" என்பதை வைத்துக் கொலஸ்ட்ரால் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சுவருக்குள் எத்தனை வண்டி நுழைகிறது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை, அது நீடித்த ஆண்டுகள். இரண்டாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பிசிஎஸ்கே9 (எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் புரதத்துக்கான) மரபணு பிறவியிலேயே செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவாக இருந்தது. மாத்திரை ஆய்வுகளில் எல்டிஎல் 38.7 (ஒரு மில்லிமோல்) குறைந்தால் பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 சதவீதம்தான் குறைகின்றன. பிறப்பிலிருந்தே குறைவாக இருப்பதற்கும் ஐம்பது வயதுக்குமேல் குறைப்பதற்கும் இருக்கும் இடைவெளி இது. 42 வயதில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பது நல்ல நேரத்தில் கேட்பது.

இனி இந்த ரிப்போர்ட். ட்ரைகிளிசரைடு 210, எச்டிஎல் 38, எச்பிஏ1சி 5.9 (5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை), ரத்த அழுத்தமும் விளிம்பில். நான்கும் சேர்ந்து வந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடல் என்று பொருள். இத்தகையவர்களின் எல்டிஎல் துகள்கள் சிறியவை, ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைவு. 168 என்பது சரக்கின் எடை. அதே எடையைச் சுமக்க இவருக்கு அதிக வண்டிகள் ஓடுகின்றன. எல்டிஎல் எண் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் ஆள் இவர். ஆகவே எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலையும், முடிந்தால் ஒருமுறை அப்போ-பியையும் வைத்து முடிவெடுங்கள்.

மாத்திரை பற்றிப் பேசுமுன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) கட்டாயம்: தைராய்டு குறைந்தால் கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகள் குறைந்து எல்டிஎல் ஏறும். தைராய்டைச் சரிசெய்தாலே கணிசமாக இறங்கும். சரிசெய்யாமல் ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) கொடுத்தால் தசைப் பாதிப்புக்கு வாய்ப்பு கூடும். கூடவே சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஏஎல்டி (கல்லீரலுக்கு). ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் எடுக்கிறாரா என்றும், மாவுச்சத்தை முற்றிலும் ஒதுக்கிய கொழுப்பு மிகுந்த உணவுமுறையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அந்த உணவுமுறையில் சிலருக்கு எல்டிஎல் மிக வேகமாக ஏறுகிறது.

தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு என்பதால் (தாய், சகோதரி என்றால் 65 என்பது எல்லை) லிப்போபுரதம்-ஏ (எல்டிஎல் போன்ற ஒரு துகள்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது மரபால் வருவது, வாழ்நாளில் ஓர் அளவீடு போதும். 50 மி.கி. அல்லது 125 நானோமோலுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொண்டு எல்டிஎல் இலக்கை இன்னும் இறக்குவோம். எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தாலோ, குதிகால் தசைநாணில் தடிப்பு இருந்தாலோ, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தெரிந்தாலோ குடும்பவழிக் கொலஸ்ட்ரால் நோயைத் தேடுவோம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. இவருடைய 168-ஐ வைத்துப் பார்த்தால் அதற்கு வாய்ப்பு குறைவு.

இலக்கு: 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழ், எச்டிஎல் அல்லாதது 130-க்குக் கீழ், அப்போ-பி 100-க்குக் கீழ். ஆபத்து கூடியவர்களுக்கு எல்டிஎல் 70, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55. இவருக்கு 168-லிருந்து 100-க்கு வர 40 சதவீதம் இறங்க வேண்டும். இந்த 40-ஐ மனதில் வைத்துக்கொண்டு கீழே உணவு பற்றி வருவதைப் படியுங்கள்.

---

வரப்போரம்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். விகிதம் 6.5 என்பதைக் குறைக்க எச்டிஎல்லை ஏற்றினால் போதாதா? அதற்கென்று மாத்திரைகள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

---

இதயத்தாளம்:

வேண்டாம். எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் மருந்தால் அதை ஏற்றியதில் யாரும் பயனடையவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை வெகுவாக ஏற்றியது. மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் ஆய்வையே நிறுத்தினார்கள். நியாசினும் (பி வைட்டமின்களில் ஒன்று) ஸ்டேட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது எச்டிஎல்லை ஏற்றியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. 2011-இல் அந்த ஆய்வும் முன்கூட்டியே நின்றது. இவரிடம் எச்டிஎல் 38 என்பது ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பதன் மறுபக்கம். எடை குறைந்து, நடமாட்டம் கூடினால் அதுவே கொஞ்சம் நகரும். விகிதத்தை இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

---

எதிர்க்கரை:

மாற்றுக் கருத்து ஒன்றை இங்கே வைக்க வேண்டும். மூளையிலும் உயிரணுச் சவ்விலும் ஹார்மோன்களிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது, கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. உடலுக்குத் தேவையானதை 55 வரை இறக்குவது எப்படிப் பாதுகாப்பு? மாரடைப்போடு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினருக்கு எல்டிஎல் இயல்பான அளவில்தான் இருக்கிறது என்ற தரவும் இருக்கிறதே?

---

இதயத்தாளம்:

நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

உடலுக்குக் கொலஸ்ட்ரால் தேவை என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு உயிரணுவும் தனக்கு வேண்டியதைத் தானே தயாரிக்க வல்லது. உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூளையில் இருக்கிறது, அத்தனையும் மூளையே உண்டாக்கியது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் மூளைக்குள் நுழைவதில்லை. ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு என்பது உயிரணுக்களின் கையிருப்பைக் காட்டும் அளவு அல்ல. பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் எல்டிஎல் ஏறத்தாழ 30; மூளை மிக வேகமாக வளரும் காலம் அது. 2017-இல் வெளியான எவலோகுமாப் (எல்டிஎல்லை இறக்கும் ஊசி மருந்து) ஆய்வில் எல்டிஎல் நடுமதிப்பு 92-லிருந்து 30-க்கு இறங்கியது. அதில் ஒரு பகுதியினரின் நினைவாற்றலைத் தனியே சோதித்தார்கள்; போலி மருந்து எடுத்தவர்களிலிருந்து வேறுபாடு தெரியவில்லை.

இரண்டாவது தரவுக்கு இரண்டு விளக்கம். மாரடைப்பு வந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு எல்டிஎல் இறங்கத் தொடங்கும், மருத்துவமனையில் எடுக்கும் எண் பலருக்கும் அவர்களுடைய வழக்கமான எண்ணைவிடக் குறைவு. அதைவிடப் பெரிய காரணம், "இயல்பு" என்று ரிப்போர்ட்டில் அச்சிடும் எல்லை மக்கள்தொகையில் பரவலாகக் காணப்படும் அளவை ஒட்டியது. 120 என்பது பலருக்கு இருக்கிறது. 40 ஆண்டுகள் 120 ஓடினால் படிமம் சேரும் என்பதும் உண்மை. கூடவே புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் இன்னும் குறைந்த எல்டிஎல்லிலேயே சேரும். அந்தத் தரவு எல்டிஎல்லைக் குற்றமற்றதாக்கவில்லை, எல்லைக்கோடு உயரமாகப் போடப்பட்டிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

---

பசும்பயிர் (உணவியல்):

உணவால் எவ்வளவு இறங்கும் என்பதற்கு நேர்மையான பதில்: கவனமாகச் செய்தால் கணிசமாக, ஆனால் 40 சதவீதம் அபூர்வம். கொலஸ்ட்ரால் குறைக்கும் உணவுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு வேளையும் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தபோது எல்டிஎல் 30 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அதே திட்டத்தை ஆலோசனையாக மட்டும் சொல்லி வீட்டில் பின்பற்றச் சொன்னபோது 2011-இல் வெளியான முடிவு ஏறத்தாழ 13 சதவீதம். 168-இல் 13 சதவீதம் என்றால் 146.

எதற்கு எவ்வளவு பலன் என்று தெரிந்தால் உழைப்பைச் சரியான இடத்தில் போடலாம்.

முதலிடம் நிறைவுற்ற கொழுப்புக்கு. அது கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைக்கிறது, துகள்கள் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. 2000 கலோரி உண்பவர் அதில் 7 சதவீதம் மட்டும் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து எடுத்தால் நாளுக்கு 15 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் (14 கிராம்) மட்டும் 7 கிராம் இருக்கிறது, அன்றைய ஒதுக்கீட்டில் பாதி. கலோரியில் 1 சதவீதத்தை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து எடுத்துப் பன்முக நிறைவுறாக் கொழுப்புக்கு (சூரியகாந்தி, சோயா எண்ணெய், அக்ரூட், மீன்) மாற்றினால் எல்டிஎல் சுமார் 2 மி.கி. இறங்கும். 14 சதவீதம் உண்பவர் 7-க்கு வந்தால் 14 மி.கி. எதைக் குறைக்கிறோம் என்பதோடு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். வெண்ணெயை விட்டுவிட்டுச் சர்க்கரையும் வெள்ளை மாவும் அதிகமாக உண்டால் ட்ரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும். இவருடைய ரிப்போர்ட்டில் அது இன்னும் மோசமான நிலை. பாதி ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். அது எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லையும் இறக்கும்.

அடுத்தது கரையும் நார்ச்சத்து. இது சிறுகுடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. கல்லீரல் புதிய பித்த அமிலம் தயாரிக்க ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கிறது. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் வேண்டும். உலர்ந்த ஓட்ஸ் 75 கிராம் அளவு. பலர் 30 கிராம் உண்டுவிட்டுப் பலனில்லை என்கிறார்கள், அளவு போதவில்லை என்பதே காரணம். இசப்கோல் உமி நாளுக்கு 10 கிராம் எடுத்தால் 5 முதல் 7 சதவீதம் இறங்கும். 3 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். ஒவ்வொரு முறையும் 250 மி.லி. தண்ணீரோடு உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி இடைவெளி விடுங்கள். தாவர ஸ்டெரால் சேர்த்த உணவு நாளுக்கு 2 கிராம் ஸ்டெரால் தந்தால் 8 முதல் 10 சதவீதம்.

முட்டையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஒரு பெரிய முட்டையில் கொலஸ்ட்ரால் 186 மி.கி., நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். உணவில் வரும் கொலஸ்ட்ரால் கூடினால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு எல்டிஎல் சில மி.கி. மட்டுமே நகரும். சிறுகுடலில் அதிகம் உறிஞ்சுபவர்களுக்குக் கூடுதலாக ஏறலாம். மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு 6 வாரம் நிறுத்திப் பார்த்து அளந்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும். முட்டையை வெண்ணெயில் பொரிக்கிறீர்களா என்பது முட்டையைவிட முக்கியமான கேள்வி.

அதிகம் பேசப்படாத ஒன்று: வடிதாள் இல்லாமல் கொதிக்கவைத்தோ, உலோக வலையில் வடித்தோ குடிக்கும் காபி. அதிலுள்ள கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் எல்டிஎல்லை ஏற்றுகிறது. காகித வடிதாள் அதைப் பெருமளவு தடுத்துவிடும். நாளுக்கு நான்கைந்து கோப்பை குடிப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே ரிப்போர்ட்டில் தெரியும்.

ட்ரைகிளிசரைடுக்கு வழி வேறு: இனிப்புப் பானம், மது, மாவு, வயிற்றுச் சதை. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைடு 20 சதவீதம் அளவுக்கு இறங்கும், எச்பிஏ1சியும் கூடவே இறங்கும். உடற்பயிற்சி எல்டிஎல்லைச் சிறிதளவே அசைக்கும். ஆனால் ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றிலும் நல்ல பலன் உண்டு, ஆகவே எல்டிஎல் நகரவில்லை என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

---

மருந்துப்பெட்டி (மருந்தாளுநர்):

மாத்திரை பற்றிய அச்சங்களுக்கு வருகிறேன்.

ஸ்டேட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்திக்குரிய நொதி ஒன்றைத் தடுக்கிறது. உள்ளே இருப்பு குறைந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து துகள்களை இழுத்துக்கொள்கிறது. எல்டிஎல் இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையால். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அட்டோர்வாஸ்டேட்டின் 10–20 அல்லது ரோசுவாஸ்டேட்டின் 5–10 மி.கி. எடுத்தால் 30 முதல் 49 சதவீதம் இறங்கும். 50-க்கு மேல் வேண்டுமென்றால் அட்டோர்வா 40–80, ரோசுவா 20–40. அளவை இருமடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். ஆகவே இலக்குக்கு வராவிட்டால் அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பது பல நேரங்களில் மேல்: அது சிறுகுடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து மேலும் 20 சதவீதம் அளவில் இறக்கும். ஆசிய வம்சாவளியினருக்கு ரோசுவாவின் ரத்த அளவு ஏறத்தாழ இருமடங்காக வருவதால் 5 மி.கி.-இல் தொடங்குவது வழக்கம். இந்த இரண்டையும் எந்த நேரத்திலும் எடுக்கலாம், சிம்வாஸ்டேட்டினுக்குத்தான் இரவு. ரோசுவா எடுப்பவர்கள் அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில நீக்கி மருந்தை 2 மணி கழித்தே குடிக்க வேண்டும்.

தசைவலி: உண்மையில் மருந்தால் வருவது பெரும்பாலும் இரு தொடையிலும் அல்லது இரு தோளிலும் சமமாக, தொடங்கிய அல்லது அளவை ஏற்றிய சில வாரங்களில் வரும். ஒரு முழங்காலில் மட்டும் வலி என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டேட்டினை நிறுத்தியவர்களுக்குச் சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டேட்டினில் உணர்ந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. அந்த வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வேறு ஸ்டேட்டின், குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மறுபடி முயன்றால் பெரும்பாலோர் தொடர முடிகிறது. வலி கடுமையாக இருந்தால் சிகே (தசைச் சிதைவைக் காட்டும் நொதி) பரிசோதனை; இயல்பு எல்லையைப்போல் 10 மடங்கு ஏறினாலோ, சிறுநீர் பழுப்பாகப் போனாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

பெரிய தசைச் சிதைவு அபூர்வம். வருமிடத்தில் பெரும்பாலும் இன்னொரு மருந்து உடன் இருக்கும். சிம்வா, அட்டோர்வா எடுப்பவருக்கு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லிகள்), இட்ராகோனசோல் (பூஞ்சைக்கொல்லி) கொடுத்தால் ஸ்டேட்டின் ரத்தத்தில் தேங்கும். கிரேப்ஃப்ரூட் சாறு அதிகம் குடித்தாலும் அப்படியே. வேறு நோய்க்காக இன்னொரு மருத்துவரிடம் போகும்போது ஸ்டேட்டின் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். ஜெம்ஃபைப்ரோசிலை (ட்ரைகிளிசரைடு குறைக்கும் மருந்து) எந்த ஸ்டேட்டினோடும் சேர்க்காமல் இருப்பது நல்லது.

சர்க்கரை: சிறிய அளவில் உண்மை. 2010-இல் தொகுத்த கணக்கின்படி 255 பேர் 4 ஆண்டு எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும். வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்கள். இவருடைய 5.9 அந்த விளிம்புதான், ஆகவே ஆண்டுக்கொரு எச்பிஏ1சி அவசியம். அதே சமயம் சர்க்கரை வரக்கூடியவருக்குத்தான் மாரடைப்பு வாய்ப்பும் அதிகம் என்பதால் தவிர்க்கப்படும் பாதிப்பு கூடுதல்.

கல்லீரல்: தொடங்குமுன் ஏஎல்டி, பிறகு 8–12 வாரத்தில் ஒருமுறை. எல்லையைப்போல் 3 மடங்குக்குள் இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை. கொழுப்பு படிந்த கல்லீரல் ஸ்டேட்டினுக்குத் தடையும் அல்ல. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி "இயற்கை மாற்று" என்று விற்கப்படுகிறது. அதில் இருக்கும் மோனக்கோலின் கே, லோவாஸ்டேட்டினேதான். ஒவ்வொரு பொட்டலத்திலும் அளவு மாறும், சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் கலந்திருக்கும். ஸ்டேட்டின் வேண்டாம் என்பவர் இதை எடுப்பதில் பொருளே இல்லை.

---

வரப்போரம்:

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் மூன்று மாதம் உணவு மாற்றம் செய்து பார்க்கலாமா, இல்லை அது காலத்தை வீணாக்குவதா? இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவு பார்க்கும் ஸ்கேன் எடுத்தால் முடிவு எளிதாகுமா?

---

இதயத்தாளம்:

மூன்று மாதம் பார்ப்பதில் தவறில்லை. எல்டிஎல் 190-க்கு மேலோ, ஏற்கெனவே இதயநோய் உள்ளவரோ, 40 வயது கடந்த சர்க்கரை நோயாளியோ என்றால் காத்திருக்கச் சொல்லமாட்டேன். இவர் அந்த மூன்றிலும் இல்லை. ஆனால் காலக்கெடு இருக்கட்டும். டிஎஸ்எச், ஏஎல்டி, கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், லிப்போபுரதம்-ஏ, அப்போ-பி இந்த வாரமே. உணவு மாற்றம் அன்றே தொடக்கம். ரத்த அழுத்தத்தை வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து சராசரி எழுதிவையுங்கள். 12-ஆவது வாரம் அதே ஆய்வகத்தில் மறுபடி.

அப்போது எச்டிஎல் அல்லாதது 160-க்கு மேலேயே நின்றால், தந்தையின் வரலாறும் எச்பிஏ1சியும் சேர்த்து, நடுத்தர அளவு ஸ்டேட்டின் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். 130-க்கும் 160-க்கும் இடையில் வந்தால் லிப்போபுரதம்-ஏ என்ன சொல்கிறது என்பது முடிவை மாற்றும். அது 50 மி.கி. அல்லது 125 நானோமோலுக்கு மேல் என்றால் நான் தொடங்கச் சொல்வேன். குறைவு என்றால் இன்னும் மூன்று மாதம் உணவோடு தொடரலாம். மாத்திரை தொடங்கினால் 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு பரிசோதனை. எதிர்பார்த்த 30 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போகிறது என்று பொருள். இலக்கைத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே திரும்பும்.

ஸ்கேன் பற்றி: சுண்ணாம்பு, படிமம் முதிர்ந்த பின் சேர்வது. 42 வயதில் பூச்சியம் வருவது சாதாரணம், அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. சுண்ணாம்பு ஏறாத மென்மையான படிமம் அந்த ஸ்கேனில் தெரியாது. பூச்சியத்துக்கு மேல் எந்த எண் வந்தாலும் இந்த வயதுக்கு அது அதிகம், அன்றே மாத்திரை தொடங்கலாம். அதாவது மாத்திரை வேண்டுமா என்று தயங்குபவருக்கு ஒரு பக்கம் மட்டும் உதவும் பரிசோதனை. ஸ்டேட்டின் எடுக்கத் தொடங்கிய பின் இதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம்: படிமம் உறுதிப்படும்போது சுண்ணாம்பு எண் ஏறும், அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

---

குருதிமானி:

ஒன்று சேர்க்கிறேன். 12-ஆவது வார ரத்தத்தை இந்த முறை எடுத்ததுபோலவே 11 மணி வெறும் வயிற்றில் கொடுங்கள், அப்போதுதான் ட்ரைகிளிசரைடை ஒப்பிட முடியும். அதற்கு முந்தைய இரண்டு நாள் மது வேண்டாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். லிப்போபுரதம்-ஏ முடிவு மி.கி.-யிலா நானோமோலிலா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்ற நிலையான பெருக்கல் எண் கிடையாது, எந்த அலகில் வந்ததோ அந்த அலகின் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும்.